அணுசக்தி பற்றி ஆதாரம் தேடுவது எப்படி: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

1993 மார்ச் 24 அன்று, தென்னாப்பிரிக்கா ஆறு அணுகுண்டுகளைச் செய்து முடித்திருந்ததையும், ஏழாவது பாதியில் நின்றதையும், எல்லாமே பிரித்தழிக்கப்பட்டுவிட்டதையும் அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்புக்கு முன்பே அத்திட்டத்தின் கோப்புகள் அரசு உத்தரவின்படி அழிக்கப்பட்டிருந்தன. ஆகவே அந்தக் குண்டுகளைப் பற்றி இன்று நாம் படிப்பது பெரும்பாலும் நான்கு வழிகளில் வந்தது. திட்டத்தில் வேலை செய்தவர்கள் பின்னாளில் சொன்னது ஒன்று. சர்வதேச அணுசக்தி முகமை ஆய்வு செய்து எழுதியது இன்னொன்று. மற்ற இரண்டும் வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களும் அழிவிலிருந்து தப்பிய உள்ளூர்த் தாள்களும்.

ஆதாரம் ஆதரவானதா எதிரானதா என்பதை அப்புறம் பார்க்கலாம். சொல்பவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை முதலில் கேளுங்கள். ஆயுதத்துக்கு மட்டுமல்ல, மின்சாரத்துக்கும் இதே கேள்விதான்.

மெட்ரிக் வகுப்புத் திட்டப்பணி எழுதும் மாணவர், பல்கலைக்கழகத்தில் முதலாண்டுக் கட்டுரை எழுதுபவர், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா பகுதித் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் புதிய அணுமின் திட்டம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். வரலாறு, கொள்கை, பாதுகாப்பு, செலவு ஆகியவற்றுக்கு வேண்டியதெல்லாம் சட்டப்படி வெளியாகியிருக்கிறது. குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்ற தொழில்நுட்ப விவரம் இந்த வேலைகள் எதற்கும் தேவையில்லை. அதைத் தேடவும் வேண்டாம்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

‘அணுசக்தி நல்லதா?’ என்று தேடினால் பிரசாரம்தான் வந்து விழும். ‘கேப் டவுன் அருகே உள்ள கூபெர்க் அணுமின் நிலையத்தின் முதல் உலைக்கு 2024இல் கூடுதலாக 20 ஆண்டு உரிமம் எந்த நிபந்தனைகளோடு கிடைத்தது?’ என்று கேட்டால் பதில் எந்த அலுவலகத்தின் எந்தத் தாளில் இருக்கும் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. இடம், ஆண்டு, நிறுவனம் மூன்றும் இல்லாத கேள்வியோடு நூலகத்துக்குப் போகாதீர்கள்.

பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். இந்த நாட்டில் அணுசக்தி நிறுவனங்கள் பலமுறை பெயர் மாறியிருக்கின்றன. அரசின் அணுசக்தி நிறுவனத்துக்கு இன்றுள்ள ‘நெக்சா’ என்ற பெயர் 1999 சட்டத்தில் வந்தது. அதற்கு முன் அது அட்டாமிக் எனர்ஜி கார்ப்பரேஷன். 1980களின் தொடக்கத்துக்கும் முன் அட்டாமிக் எனர்ஜி போர்டு, அது 1948 சட்டத்தில் பிறந்தது. யுரேனியச் செறிவூட்டலுக்கு 1970இல் யூக்கோர் என்று தனி நிறுவனம் இருந்தது. 1977 நிகழ்வைத் தேடுபவர் ‘நெக்சா’ என்று தட்டச்சு செய்தால் அன்றைய ஆவணம் ஒன்றும் அகப்படாது. ஒழுங்குமுறை அமைப்பான நேஷனல் நியூக்ளியர் ரெகுலேட்டருக்கும் முன்னோடி உண்டு, அது கவுன்சில் ஃபார் நியூக்ளியர் சேஃப்டி. எரிசக்தி அமைச்சகமோ 2009, 2019, 2024 என மூன்று முறை பிரிந்தும் சேர்ந்தும் வந்திருக்கிறது. அதன் பழைய இணையப் பக்கங்கள் காணாமல் போனதற்கு இதுவும் காரணம்.

பழைய அரசுத் தாள்களில் பாதிக்குமேல் ஆஃப்ரிகான்ஸில் இருக்கும் என்று எண்ணியே இறங்குங்கள். அணுசக்திக்கு ‘கெர்ன்கிராக்’, அணுஆயுதத்துக்கு ‘கெர்ன்வாப்பன்’, செறிவூட்டலுக்கு ‘ஃபெரேய்கிங்’. இந்த மூன்று சொற்களையும் ஆஃப்ரிகான்ஸ் எழுத்துக்கூட்டலில் அகராதி பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு காப்பகப் பட்டியலில் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடியபோது வராத கோப்புகள் வரும்.

தேதிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். குண்டுத் திட்டத்தைக் கைவிட உத்தரவு 1990 பிப்ரவரி. அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது 1991 ஜூலை 10. உலகுக்கு அறிவித்தது 1993 மார்ச். ஆப்பிரிக்காவை அணுஆயுதமற்ற பகுதியாக்கும் பெலிண்டாபா ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது 1996, நடைமுறைக்கு வந்தது 2009 ஜூலை 15. ‘தென்னாப்பிரிக்கா 1993இல் குண்டுகளைக் கைவிட்டது’ என்று எழுதும் கட்டுரை அறிவிப்பையும் செயலையும் குழப்பிக்கொண்டது. அதன் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

மின்சாரம் பற்றித் தேட

உலகில் உள்ள ஒவ்வோர் அணுமின் உலைக்கும் சர்வதேச அணுசக்தி முகமை ‘பிரிஸ்’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் தனிப் பக்கம் வைத்திருக்கிறது. கட்டுமானம் தொடங்கிய நாள், மின்வலையில் இணைந்த நாள், வணிக இயக்கம் தொடங்கிய நாள், ஆண்டுவாரி உற்பத்தி எல்லாம் அதில் உண்டு. கூபெர்க் முதல் உலை மின்வலையில் இணைந்தது 1984 ஏப்ரல் 4, வணிக இயக்கம் 1984 ஜூலை 21. இந்த இரண்டாவது தேதியிலிருந்துதான் 40 ஆண்டு உரிமம் எண்ணப்பட்டது. புதிய உரிமம் 2044 ஜூலை 21 வரை என்று நிற்பது அதனால்தான். இரு கட்டுரைகள் இரு தேதி சொன்னால் ஒன்று பொய் என்று முடிவு கட்டாதீர்கள். எந்த நிகழ்வின் தேதி என்று பாருங்கள்.

அதே முகமையின் ‘ஐனிஸ்’ நூலகம் 1970 முதல் அணுவியல் அறிக்கைகளைச் சேர்த்து வருகிறது. பிரிட்டோரியா அருகே பெலிண்டாபாவில் உள்ள அணு ஆராய்ச்சி மையத்தின், அச்சில் கிடைக்காத பழைய அறிக்கைகளை அங்கே தேடலாம். உள்நாட்டில் நேஷனல் நியூக்ளியர் ரெகுலேட்டரின் ஆண்டறிக்கைகள், அரசு மின்நிறுவனமான எஸ்காமின் ஆண்டறிக்கைகள், அரசிதழ் ஆகிய மூன்றையும் அதே வரிசையில் பாருங்கள். நாடாளுமன்றக் குழுக்கள் எஸ்காம் அதிகாரிகளைக் கேட்ட கேள்விகளின் குறிப்புகளை பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப் வெளியிடுகிறது. ஆண்டறிக்கையில் ஒரே வரியில் முடிந்த தாமதம் அங்கே பல பக்கங்களுக்கு விசாரிக்கப்பட்டிருக்கும்.

நீதிமன்றத் தீர்ப்புகளை ‘சாஃப்லி’ தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். 2017 ஏப்ரல் 26 அன்று மேற்கு கேப் உயர் நீதிமன்றம் எர்த்லைஃப் ஆப்பிரிக்கா வழக்கில் தந்த தீர்ப்பை ஒரு பயிற்சியாகவே முழுதும் படியுங்கள். 9,600 மெகாவாட் அணுமின் கொள்முதல் சம்பந்தப்பட்ட வழக்கு அது. ‘நீதிமன்றம் அணுமின்சாரத்தைத் தடை செய்தது’ என்று இன்றும் எழுதுகிறார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. அமைச்சர் முடிவெடுத்த முறை, பொதுமக்கள் கருத்துக் கேட்கப்படாதது, ரஷ்யா முதலிய நாடுகளோடு செய்த ஒப்பந்தங்கள் நாடாளுமன்றத்துக்கு வந்த விதம் ஆகியவை சட்டப்படி இல்லை என்றுதான் ரத்து செய்தது. தீர்ப்பின் கடைசியில் உள்ள உத்தரவுப் பகுதியை முதலில் படித்துவிட்டுப் பிறகு செய்திகளைப் படித்தால் இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

ஆயுத வரலாறு பற்றித் தேட

வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ், வில்சன் மையத்தின் மின்னணுக் காப்பகம் ஆகிய இரண்டிலும் தென்னாப்பிரிக்க அணு வரலாறு பற்றி ரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. இரண்டுமே இலவசம். உள்நாட்டில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹிஸ்டாரிக்கல் பேப்பர்ஸ் பிரிவையும் பிரிட்டோரியா தேசிய ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி 20 ஆண்டு கடந்த அரசு ஆவணங்கள் பொதுவாகப் பார்வைக்குத் திறந்தவை. ஆனால் ரகசிய முத்திரை நீக்கப்படாத கோப்பு அந்தக் கணக்கில் வராமல் முடங்கிக் கிடக்கலாம். டர்பனில் இருப்பவர்கள் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகலாம். மாணவர் அல்லாதவர்கள் அனுமதி விதிகளை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. தொலைவில் உள்ளவர்கள் உள்ளூர் நூலகத்தில் நூலகங்களுக்கு இடையேயான கடன் வசதியைக் கேளுங்கள்.

கறுப்பு மை பூசிய ஆவணம் வந்தால் அங்கேயே நிற்காதீர்கள். ஒரே தாளின் பிரதிகள் பல துறைகளில் இருக்கும். ஒவ்வொரு துறையும் வேறு வேறு ஆண்டில், வேறு வேறு வரியை மறைத்து வெளியிட்டிருக்கும். தலைப்பையும் தேதியையும் வைத்து மற்றக் காப்பகங்களிலும் தேடினால் ஒன்றில் மறைந்த வரி இன்னொன்றில் திறந்திருப்பதுண்டு.

எங்கும் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்

2000ஆம் ஆண்டின் இரண்டாம் எண் சட்டமான தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை இங்கே ‘பாயா’ என்பார்கள். படிவம் 2ஐ நிரப்பி அந்த நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அதிகாரியின் முகவரி அந்த நிறுவனத்தின் பாயா கையேட்டில் இருக்கும். கையேடு வைத்திருப்பது சட்டக் கட்டாயம். ‘கூபெர்க் பாதுகாப்பு பற்றிய எல்லாம்’ என்று கேட்டால் அளவு மிகுதி என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் வகை, காலம், அதை எழுதிய பிரிவு மூன்றையும் குறிப்பிடுங்கள்.

பதிலுக்கு 30 நாள். அவர்கள் இன்னும் 30 நாள் வரை ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம். பதிலே வராவிட்டால் மறுத்ததாகச் சட்டம் கொள்கிறது, ஆகவே காத்திருந்து காலத்தைக் கழிக்காதீர்கள். அமைச்சகமாக இருந்தால் முதலில் உள்முறையீடு. எஸ்காம், நெக்சா போன்றவற்றுக்கு உள்முறையீடு கிடையாது, நேரே இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் 180 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். மறுப்புக்குப் பெரும்பாலும் இரு காரணம் சொல்வார்கள்: நாட்டுப் பாதுகாப்பு, மூன்றாம் நபரின் வணிக ரகசியம். அப்போதும் மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தரும் கடமை அவர்களுக்கு உண்டு. மறுப்புக் கடிதத்துக்கான பதிலில் அதை எழுதிக் கேளுங்கள்.

ஒரு செய்தியை அதன் வேர் வரை தோண்டுவது

1979 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள் தென் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் இரட்டை ஒளிவீச்சு ஒன்றைப் பதிவு செய்தது. அணுகுண்டு வெடிப்புக்கு அடையாளம் அப்படிப்பட்ட இரட்டை வீச்சு. அதிபர் கார்ட்டரின் அரசு அமைத்த விஞ்ஞானிகள் குழு, அது அநேகமாக அணுவெடிப்பு அல்ல என்று 1980இல் சொன்னது. அமெரிக்க அரசுக்குள்ளேயே பல ஆய்வகங்களும் உளவுத்துறையினரும் அதை ஏற்கவில்லை. 2017, 2018இல் ‘சயன்ஸ் அண்ட் குளோபல் செக்யூரிட்டி’ இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் வெடிப்புதான் என்ற பக்கம் வாதிட்டன.

இப்போது தென்னாப்பிரிக்கத் தொடர்புக்கு வருவோம். 1997இல் துணை வெளியுறவு அமைச்சராக இருந்த அஜீஸ் பஹாத் அதைத் தென்னாப்பிரிக்க அணுச்சோதனை என்று உறுதிப்படுத்திவிட்டதாக அவ்வாண்டு ஏப்ரலில் இஸ்ரேலின் ‘ஹாரெட்ஸ்’ நாளிதழ் எழுதியது. உலகமெங்கும் அது மறுபிரசுரம் ஆயிற்று. பின்னர் அவருடைய அலுவலகம், பலமான வதந்தி உண்டு, அதை விசாரிக்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார் என்று விளக்கியது. விளக்கம் பரவவில்லை. ‘தென்னாப்பிரிக்க அமைச்சரே ஒப்புக்கொண்டார்’ என்ற வரி இன்னமும் கட்டுரைகளில் உலவுகிறது. பத்துக் கட்டுரைகள் சொல்லலாம், பத்தும் ஒரே நாளிதழ்ச் செய்தியிலிருந்து வந்தவை. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஒரே ஆதாரம், அதுவும் திருத்தப்பட்டது.

இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கட்டுரையின் அடிக்குறிப்பைப் பாருங்கள். அது காட்டும் இடத்துக்குப் போங்கள். அங்கே இன்னோர் அடிக்குறிப்பு இருந்தால் அதையும் தொடருங்கள். ஆவணம், அளவீடு, நேரில் பார்த்தவரின் வாக்குமூலம் ஆகிய ஒன்றில் போய் முட்டும் வரை நிற்காதீர்கள். முட்டியதும் அதற்குப் பின்னால் வந்த திருத்தம் உண்டா என்று அதே பெயரோடு அடுத்த ஆறு மாதச் செய்திகளைத் தேடுங்கள். விக்கிப்பீடியா இந்த வேலைக்கு நல்ல வாசல்தான், ஆனால் மேற்கோளாகக் காட்டத் தகாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் நூல் பெயர்களையும் கட்டுரைத் தலைப்புகளையும் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் கிராஸ்ரெஃப் தளத்திலோ நூலகப் பட்டியலிலோ ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோலவே அவை எழுதித் தரும்.

உள்ளிருந்தவர்களின் வாக்குமூலம் விலைமதிப்புள்ளது, ஆனால் முழுமையானதல்ல. குண்டுகளை ஒருபோதும் பயன்படுத்தும் எண்ணமில்லை, அரசியல் தடுப்புக்காகவே என்று பழைய ஆட்சியின் அதிகாரிகள் எழுதியதை மறுக்கும் கோப்பும் உறுதிசெய்யும் கோப்பும் பெருமளவு அழிந்தவற்றோடு போயிருக்கும். மாறாக, எவ்வளவு யுரேனியம் உற்பத்தியானது என்பதைச் சர்வதேச அணுசக்தி முகமை செறிவூட்டும் ஆலையின் இயக்கப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. நோக்கம் பற்றிய கூற்றையும் அளவு பற்றிய கூற்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எழுதும்போது ‘அதிகாரிகள் பின்னர் கூறியபடி’, ‘முகமை சரிபார்த்தபடி’ என்று பிரித்தே எழுதுங்கள்.

எண்களைச் சோதிப்பது

மெகாவாட் என்பது திறன், மெகாவாட்-மணி என்பது உற்பத்தி. கூபெர்க்கின் இரண்டு உலைகளையும் சேர்த்து ஓரிடத்தில் 1,940 மெகாவாட் என்றும் இன்னோரிடத்தில் 1,860 என்றும் பார்ப்பீர்கள். முன்னது மொத்தத் திறன். பின்னது நிலையத்தின் சொந்தத் தேவை போக வெளியே போவது. ஆண்டுக்கு 8,760 மணி. 1,860ஐ அதனால் பெருக்கினால் சுமார் 16.3 டெராவாட்-மணி வரும் (ஒரு டெராவாட்-மணி என்பது 10 லட்சம் மெகாவாட்-மணி). ஆண்டு முழுக்க ஒரு நொடியும் நிற்காமல் ஓடினாலும் அதுதான் உச்சம். கூபெர்க் ஆண்டுக்கு 20 டெராவாட்-மணி தருகிறது என்று எழுதிய கட்டுரையை அந்த ஒரு பெருக்கலிலேயே தள்ளிவிடலாம்.

ஒரே ஆண்டின் உற்பத்தியை எடுத்து வாதிடுபவர்களைக் கவனியுங்கள். நீராவி உற்பத்திக் கலன்களை மாற்ற முதல் உலை 2022 டிசம்பரிலிருந்து 2023 நவம்பர் வரை நின்றது. 2023ஐ மட்டும் காட்டினால் நிலையம் உதவாக்கரை. அந்த ஆண்டை விட்டுவிட்டுக் காட்டினால் குறையே இல்லாதது. பத்தாண்டுத் தொடரைக் கேளுங்கள்.

அனல் திறன், மின் திறன் வேறுபாடும் புதியவர்களை ஏமாற்றும். பெலிண்டாபாவில் 1965 முதல் இயங்கும் சஃபாரி-1 ஆராய்ச்சி உலையின் 20 மெகாவாட் என்பது வெப்பம். அதிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. கூபெர்க்கின் மெகாவாட்டோடு அதை ஒப்பிடவே கூடாது.

கதிர்வீச்சு அளவில் பிழை ஆயிரம் மடங்காக வரும். 1 சீவர்ட் என்றால் 1,000 மில்லிசீவர்ட், 10 லட்சம் மைக்ரோசீவர்ட். இயற்கையிலிருந்து மனிதர் பெறுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதற்கு மேல் மனிதச் செயல்களால் கூடுதலாக வருவதற்குப் பொதுமக்களுக்கான வரம்பு இங்கே ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், ஒரு நிலையத்திலிருந்து வருவதற்கு 0.25. செய்தியில் எண் இருந்து அலகு இல்லாவிட்டால் அந்தச் செய்தியைப் பயன்படுத்தாதீர்கள். மணிக்கா, ஆண்டுக்கா என்பது இல்லாவிட்டாலும் அப்படியே.

செர்னோபில் சாவு எண்ணிக்கையை ஒரு தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதங்களில் இறந்தவர்கள் சுமார் 30 பேர். 2005இல் செர்னோபில் ஃபோரம் சொன்னது, கூடுதலாகக் கதிர்வீச்சுப் பட்ட சுமார் 6 லட்சம் பேரில் காலப்போக்கில் 4,000 பேர் வரை. 2006இல் ஐரோப்பியப் பசுமைக் கட்சியினர் தரப்பில் எழுதப்பட்ட அறிக்கை 30,000 முதல் 60,000 என்றது. மூன்றும் மூன்று வேறு கேள்விக்கு விடை: யார் உடனே இறந்தார், அதிகம் பட்டவர்களில் எத்தனை பேர், உலக மக்கள் எல்லோருக்கும் மிகச் சிறிய அளவு பரவியதைக் கூட்டினால் எத்தனை பேர். கடைசிக் கணக்கு, எவ்வளவு சிறிய அளவுக்கும் அதற்கேற்ற ஆபத்து உண்டு என்ற அனுமானத்தில் நிற்கிறது. எண்ணோடு அந்த மக்கள்தொகையையும் அனுமானத்தையும் எழுதாமல் எந்த எண்ணையும் மேடையில் சொல்லாதீர்கள்.

அணுஆயுத எண்ணிக்கையிலும் இதே சிக்கல். ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனத்தின் கணக்கில் 2024 ஜனவரியில் உலகில் 12,121 குண்டுகள். அதில் படைகளின் கையிருப்பில் 9,585. மற்றவை பிரிக்கக் காத்திருப்பவை. இரண்டு எண்ணும் சரி, இரண்டும் மதிப்பீடு.

செலவுக் கணக்கில் மூன்றைத் தேடுங்கள்: எந்த ஆண்டு ராண்ட், கட்டுமானக் கால வட்டி சேர்ந்ததா, தள்ளுபடி விகிதம் (எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் விகிதம்) எவ்வளவு. அணுமின் நிலையத்துக்குப் பணம் முன்னாலேயே கொட்ட வேண்டும், ஆகவே தள்ளுபடி விகிதத்தைச் சில புள்ளி உயர்த்தினாலே ஒரு யூனிட் விலை வெகுவாக ஏறும். ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் மோதும் உண்மையான இடம் பெரும்பாலும் இதுதான். அதை அறிக்கையின் பின்னிணைப்பில் போட்டிருப்பார்கள், அங்கிருந்தே படிக்கத் தொடங்குங்கள்.

யார் எழுதியது

வேர்ல்ட் நியூக்ளியர் அசோசியேஷன் அந்தத் தொழில்துறையின் அமைப்பு. உலை விவரங்களுக்கு நல்லது, செலவு பற்றிய முடிவுகளுக்கு மற்றப் பக்கத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வேர்ல்ட் நியூக்ளியர் இண்டஸ்ட்ரி ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை எழுதுவோர் விமர்சகர்கள். தாமதங்களையும் செலவு ஏற்றத்தையும் விரிவாகப் பதிவு செய்வார்கள். இருவரும் ஒரு தகவலில் ஒத்துப்போனால் அதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஆய்விதழ் பெயர் புதிதாக இருந்தால் உயர்கல்வித் துறை அங்கீகரித்த இதழ்ப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு கூடங்குளம், கல்பாக்கம் பற்றியது. கூடங்குளம் ரஷ்ய வடிவமைப்பு, கூபெர்க் பிரெஞ்சு. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் உலைகள் கனநீர் உலைகள், அவற்றின் இயக்கமே வேறு. அங்கே நடந்ததை அப்படியே இங்கே பொருத்தினால் தவறாகும். வாட்ஸாப்பில் வரும் மொழிபெயர்ப்புகளில் மில்லியன், பில்லியன் மாற்றத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி. அதில் ஒரு பூஜ்ஜியம் விழுவது அடிக்கடி நடப்பது.

குறித்துவைப்பது

ஒவ்வோர் ஆதாரத்துக்கும் ஓர் அட்டை. ஆவணத்தின் பெயர், எழுதியவர், தேதி, காப்பகமும் கோப்பு எண்ணும், பக்கம், நீங்கள் பார்த்த நாள். அடியில் இரண்டு வரி: சொன்னவருக்கு எப்படித் தெரிந்தது, யார் மறுக்கிறார்கள். இணையத்தில் கண்டதை உடனே பிடிஎஃப்பாகச் சேமித்து, பக்கத்தை, இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினிலும் பதிந்துவிடுங்கள். பாயா கடிதங்களின் தேதிகளைத் தனித் தாளில் வையுங்கள். 180 நாள் கெடு, மறுப்பு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.